தம்பி, அந்த ஏழாயிரம் ரூபாய் பேஸ் கிடாரை வாங்கலாமா?

ஏழாயிரம் ரூபாய்க்கு ஒரு பேஸ் கிடார் வருது, வாங்கலாமாக்கா என்று கேட்டு போட்டோவும் அனுப்பியிருந்தாய். போட்டோவில் எல்லா கிடாரும் அழகாகத்தான் இருக்கும். மலிவு கிடார் செய்கிறவர்கள் முதலில் காசு போடுவதே பாலிஷிலும் கலரிலும்தான். அதனால் போட்டோவை வைத்து நான் எதுவும் சொல்லப் போவதில்லை. நேரில் போகும்போது எதைப் பார்க்கணும், எப்படிப் பார்க்கணும் என்று எழுதுகிறேன். சர்ச்சிலும் கச்சேரியிலும் பேஸ் வாசிக்க ஆசைப்படும் மற்ற தம்பி தங்கைகளும் படித்துக்கொள்ளட்டும்.

விலை குறைவு என்பதற்காக ஒரு கிடாரை ஒதுக்க வேண்டியதில்லை. பால் மெக்கார்ட்னி 1961ல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹாஃப்னர் வயலின் பேஸ் சுமார் முப்பது பவுண்டுதான். ஃபெண்டர் வாங்குகிற அளவுக்கு அன்றைக்கு அவரிடம் வசதி இல்லை. பீட்டில்ஸின் ஆரம்ப காலப் பாட்டுகள் அந்த மலிவு கிடாரில்தான் பதிவாயின. 1972ல் திருடு போன அதே கிடார் திரும்பக் கிடைத்த செய்தி 2024ல் வந்தது, நீயும் பார்த்திருப்பாய்.

ஆனால் ஹாம்பர்க்கில் இருப்பவனுக்கும் நம் கல்வராயன்மலை வெள்ளிமலையில் இருப்பவனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சென்னை, பெங்களூரு மாதிரி ஊர்களில் கிடாரை மட்டுமே பழுது பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர்கள் யார்? சால்டரிங் அயர்ன் வைத்திருக்கும் மைக்செட் கடைக்காரர், மரம் தெரிந்த ஆசாரி, அரம் முதல் ஸ்க்ரூ வரை விற்கும் ஹார்டுவேர் கடைக்காரர். இந்த மூவரால் தீர்கிற குறை இருந்தால் கவலைப்படாதே, அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம். இந்த மூவராலும் ஆகாத குறை என்றால், கிடாரைத் தூக்கிக்கொண்டு சென்னை போய்வரும் செலவும் ரிப்பேர் கூலியும் சேர்ந்து கிடாரின் விலையையே தொட்டுவிடும். மலிவு பேஸை எடை போட நான் வைத்திருக்கும் கணக்கு இது ஒன்றுதான். கீழே எழுதுவதெல்லாம் எந்தக் குறை எந்தப் பக்கம் சேரும் என்பதுதான்.

நெக்கைப் பார், மற்றதெல்லாம் பிறகு

பேஸ் கம்பிகள் சாதாரண கிடார் கம்பியைவிட ரொம்பத் தடிமன், நீளமும் அதிகம். ஸ்ருதி சேர்த்து முறுக்கிவிட்டால் நாலு கம்பியும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு எழுபது எண்பது கிலோ வரும். ஒரு நெல் மூட்டையின் பாரம் நெக் என்கிற அந்த மெல்லிய மரத்தை ராத்திரி பகலாக இழுத்துக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள். ஈரம் சரியாகக் காயாத மரத்தில் செய்த நெக் அந்த இழுப்பில் கூன் போடும், இல்லாவிட்டால் முறுக்கிக்கொள்ளும். கூனை நிமிர்த்தலாம். முறுக்கு நம் ஊரில் சரியாகாது.

பார்க்கிற விதம் இதுதான். கிடாரைக் கையில் எடுத்து, பாடி இருக்கும் பக்கத்தைக் கண்ணருகே வைத்து, நெக்கின் ஓரம் வழியாக ஒற்றைக் கண்ணால் நுனி வரை நோட்டம் விடு. முதலில் தடித்த கம்பிப் பக்கத்து ஓரம், பிறகு மெல்லிய கம்பிப் பக்கத்து ஓரம். இரண்டும் ஏறத்தாழ நேராக, ஒரே மாதிரி போகணும். இரண்டுமே நடுவில் லேசாகக் குழிந்திருந்தாலும் பரவாயில்லை. ஒரு ஓரம் நேராகவும் மற்ற ஓரம் வளைந்தும் போனால் அதுதான் முறுக்கு. விற்கிறவர் என்ன விலைக்கு இறங்கினாலும் கிடாரைக் கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்துவிடு.

பழகாத கண்ணுக்கு முதல் தடவை ஒன்றும் பிடிபடாது. அதற்கு நம் ஊரில் ஒரு வசதி இருக்கிறது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த வேலை செய்கிறவர்கள் இருக்கும் மாவட்டம் இது. சாமி சிலை செதுக்குகிறவருக்குக் கிடாரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். கட்டையை ஓரம் பார்த்துக் கோணலைச் சொல்வது அவருக்குக் கைவந்த கலை. விற்கிறவர் உள்ளூர்க்காரராக இருந்து ஒத்துக்கொண்டால், தெரிந்த ஆசாரி ஒருவரிடம் கொண்டுபோய், “அண்ணே, இந்தக் கட்டையில முறுக்கு இருக்கா பாருங்க” என்று கேள். கிடார் என்று சொல்லிப் பயமுறுத்தாதே, கட்டை என்றே சொல். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

அடுத்தது விசிட்டிங் கார்டு சோதனை. நெக்கின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டைகள்தான் ஃப்ரெட். தடித்த கம்பியை ஒரு கையால் முதல் ஃப்ரெட்டிலும் இன்னொரு கையால் நெக் பாடியோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் அழுத்திக்கொள். இப்போது கம்பி நேர்கோடாக நிற்கும். ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் சரி. கார்டை நண்பனை விட்டு நுழைக்கச் சொல், உனக்குக் கை பத்தாது. நாலைந்து கார்டு சேர்ந்து நுழைகிறதா? கூன் அதிகம். இடைவெளியே இல்லையா? நெக் பின்பக்கம் வளைந்திருக்கிறது.

இந்த இரண்டுக்கும் மருந்து டிரஸ் ராட். நெக்குக்குள்ளே ஓடும் இரும்புக் கம்பி அது. கம்பிகள் ஒரு பக்கம் இழுக்க, இது எதிர்ப்பக்கம் இழுத்து நெக்கை நிமிர்த்தும். அதைத் திருப்பும் ஓட்டை தலைப்பக்கத்திலோ, நெக் பாடியோடு சேரும் இடத்திலோ இருக்கும். சில மலிவு கிடார்களில் உள்ளே மரை தேய்ந்து வழுக்கும், சிலதில் அசையவே அசையாது. அதனால் விற்கிறவர் எதிரிலேயே, அவர் கையாலேயே, ஆலன் கீயை விட்டுக் கால் சுற்று திருப்பிக் காட்டச் சொல். திருப்பினால் திரும்பணும், திரும்பினால் நெக் கொஞ்சமாவது அசையணும். “அதெல்லாம் கம்பெனி செட்டிங், தொடக் கூடாது” என்று சொன்னால் அவருக்கே பயம் இருக்கிறது என்று அர்த்தம்.

உனக்கு இது மற்றவர்களைவிட முக்கியம். வாங்கப் போவது கீழே, வெயிலில். வாசிக்கப் போவது மேலே, கல்வராயன்மலைப் பனியிலும் ஈரத்திலும். மரம் ஈரத்தைக் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். கீழே சரியாக இருந்த நெக் மேலே வந்து சில வாரத்தில் கொஞ்சம் நகர்ந்தே தீரும். லட்ச ரூபாய் கிடாரும் நகரும். டிரஸ் ராட் வேலை செய்தால் நீயே கால் சுற்றில் சரிசெய்துகொள்வாய். வேலை செய்யாவிட்டால் அந்தக் கிடார் அடுத்த மழைக்காலம் வரைக்கும்தான்.

ஸ்கேல், டேப், போன்

ஸ்டீல் ஸ்கேல் ஒன்று எடுத்துக்கொண்டு போ. ஜியாமெட்ரி பாக்ஸ் பிளாஸ்டிக் ஸ்கேல் வேண்டாம், அதில் பூஜ்யத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருப்பான், மில்லிமீட்டர் கணக்குக்கு உதவாது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் ஸ்கேலை நிறுத்தி, தடித்த கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார். இரண்டரை மில்லிமீட்டர் நல்லது, மூன்று வரை சமாளிக்கலாம். நாலுக்கு மேல் இருந்தால் அழுத்தி அழுத்தி விரல் வீங்கி, ஒரு மாதத்தில் கிடார் பீரோ மேலே போய்விடும். உயரமாக இருந்தாலும் உடனே வேண்டாம் என்று சொல்லாதே. பாடியில் கம்பிகள் முடியும் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சேடில் இருக்கும், அதில் சின்ன ஸ்க்ரூ இருக்கும். இறக்கிப் பார்க்கச் சொல். இறங்க இன்னும் இடம் இருந்தால் பிழைத்தாய். சேடில் ஏற்கெனவே அடியில் உட்கார்ந்திருக்க, கம்பி இன்னும் உயரத்தில் நின்றால் நெக் பொருத்திய கோணமே தப்பு.

இன்னொரு அளவு. தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் நட்டில் இருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை எவ்வளவோ, அங்கிருந்து சேடில் வரை ஏறத்தாழ அவ்வளவே இருக்கணும். நட்டில் இருந்து சேடில் வரை 34 அங்குலம் உள்ள கிடார் என்றால் 17, 17. சேடில் பக்கம் சில மில்லிமீட்டர் கூடுவது இயல்பு. அரை அங்குலம் வித்தியாசம் வந்தால் பிரிட்ஜையே இடம் மாற்றி அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அதில் எந்தக் காலத்திலும் ஸ்ருதி சேராது. அளக்கிறது இரும்பு டேப்பாக இருக்கட்டும். அம்மாவின் தையல் மெஷின் டிராயரில் கிடக்கும் துணி டேப் எத்தனை வருஷம் இழுபட்டதோ!

ஸ்ருதியைக் காதால் கண்டுபிடிக்க உனக்கு இன்னும் பழகவில்லை, போனில் இலவச டியூனர் ஆப் போட்டுக்கொள். தடித்த இ கம்பியின் சத்தம் 41 ஹெர்ட்ஸ். இவ்வளவு கீழ் ஸ்வரத்தைச் சில போன் மைக் சரியாகப் பிடிக்காது, முள் அங்கும் இங்கும் ஆடும். அப்படி ஆடினால் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் விரலால் லேசாகத் தொட்டுத் தட்டி, உடனே விரலை எடுத்துவிடு. மணி மாதிரி ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். அதை ஆப் நன்றாகப் பிடிக்கும். அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசித்தாலும் ஆப்பில் அதே இடம் காட்டணும். கொஞ்சம் முன்பின் இருந்தால் சேடிலை நகர்த்திச் சரிசெய்யலாம். ஸ்ருதி சேர்த்த பிறகு கிடாரைக் கீழே வைத்துவிட்டு விற்கிறவரிடம் ஊர்க்கதை பேசு. பத்து நிமிஷம் கழித்துத் திரும்பப் பார். கம்பி பழசாகி நன்கு இழுபட்டிருந்தும் ஸ்ருதி இறங்கியிருந்தால் டியூனிங் கீ தளர்ச்சி. முதலில் கீயில் உள்ள ஸ்க்ரூவை இறுக்கிப் பார்க்கலாம், அதிலும் நிற்காவிட்டால் விலையைக் குறைத்துக் கேள்.

பிறகு பொறுமையான ஒரு வேலை. ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தித் தட்டு. 20 ஃப்ரெட் என்றால் 80 இடம். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும், பணம் உன்னுடையது. எல்லா இடத்திலும் லேசாக உரசும் சத்தம் வந்தால் கம்பி தாழ்ந்திருக்கிறது, தூக்கினால் போய்விடும். நட்டுக்குப் பக்கத்து நாலைந்து ஃப்ரெட்டில் மட்டும் உரசினால் நெக் பின்பக்கம் வளைந்திருக்கும், டிரஸ் ராடைத் தளர்த்தினால் தீரும். நடுவில் எங்கோ ஒரே ஒரு இடத்தில் கம்பி பொத்தென்று அடைத்துப் போனாலோ, அடுத்தடுத்த இரண்டு ஃப்ரெட்டிலும் ஒரே ஸ்வரம் கேட்டாலோ, அங்கே ஒரு ஃப்ரெட் எழும்பி நிற்கிறது. ஒரு இடம் என்றால் பலகைத் துண்டு வைத்துப் பக்குவமாகத் தட்டி உட்கார வைக்க வாய்ப்பு உண்டு. ஏழெட்டு இடம் என்றால் ஃப்ரெட் முழுவதையும் சமன் செய்யணும், அது நம் மூவர் கணக்கில் வராது. ஜி கம்பியில் ஐந்திலிருந்து ஏழாவது ஃப்ரெட் பக்கம் ஒரு ஸ்வரம் சீக்கிரம் அடங்கிப்போனால் மட்டும் பயப்படாதே. விலை உயர்ந்த பேஸ்களிலும் அந்த மந்தம் உண்டு.

நெக்கின் ஓரத்தில் உள்ளங்கையை மேலும் கீழும் ஓட்டிப் பார். ஃப்ரெட் முனைகள் கீறினால் அது வெயிலில் மரம் சுருங்கி உலோகம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. பொடி அரம் ஒன்று வாங்கி, பாலிஷில் படாமல் டேப் ஒட்டிக்கொண்டு, சாயங்காலம் உட்கார்ந்து தேய்த்தால் தீர்ந்தது. விலை குறைக்க இதைவிட நல்ல சாக்கு கிடையாது. கையைக் காட்டி, “பாருங்கண்ணே, கீறுது” என்று சொல்.

கரண்ட் இருக்கிற நாளில் போ

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும், தெரியும்தானே. மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போ. ஆம்பில் போடாமல் பேஸ் வாங்குவது ஸ்டார்ட் பண்ணாமல் பைக் வாங்குகிற வேலை. கேபிள் நீயே கொண்டுபோ, கடையில் இருக்கும் கேபிள் கரகரத்தால் கிடாரில் குறையா கேபிளில் குறையா என்று தெரியாமல் குழம்புவாய்.

நாப் எல்லாவற்றையும் ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்குத் திருப்பு. கரகரப்பு வந்தால் உள்ளே தூசி, மைக்செட் கடையில் ஸ்ப்ரே அடித்தால் போகும். ஜாக்கில் கேபிளை ஆட்டும்போது சத்தம் விட்டு விட்டு வந்தால் பற்றவைப்பு விட்டிருக்கும், அதுவும் அங்கேயே தீரும். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் ஒன்றில் சத்தமே வராவிட்டால் சுருளுக்குள்ளேயே கம்பி அறுந்திருக்கலாம், விலையைப் பாதியாகக் கேட்கும் தைரியம் இருந்தால் மட்டும் பேச்சைத் தொடரு. சும்மா வைத்திருக்கும்போது ‘ங்ங்’ என்று இரைந்து, கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் உள்ளே எர்த் வயர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். தொட்டாலும் குறையாவிட்டால் பிரிட்ஜுக்குப் போகும் வயர் விட்டிருக்கும், அதுவும் சால்டரிங் வேலைதான்.

எர்த் என்றதும் இதைச் சொல்லிவிடுகிறேன், இதில் மட்டும் விளையாடாதே. மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகும் பழக்கம் நம் பக்கம் நிறைய. ஆம்புக்கு எர்த் இல்லாமல், ஒரு கை கம்பியில் இருக்க, உதடு மைக்கில் பட்டால் ஷாக் அடிக்கும். மழையில் நனைந்த திருவிழா மேடையில் அது உயிருக்கே ஆபத்து. வீட்டில் எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டு ஆம்ப் வாங்கு.

‘ஆக்டிவ்’ என்று சொல்லி ஆயிரம் ரூபாய் கூடக் கேட்பார்கள். உள்ளே ஒரு 9 வோல்ட் பேட்டரி, அதற்கொரு சர்க்யூட். பெரிய கிடாரில் அது நல்ல விஷயம். மலிவு கிடாரில் கெட்டுப்போக இன்னொரு பொருள், அவ்வளவுதான். கேபிளைப் பிடுங்க மறந்துவிட்டால் பேட்டரியும் தீர்ந்துவிடும். சாதா பாஸிவ் போதும். அதே மாதிரி ஐந்து கம்பிக்கும் ஆசைப்படாதே. மலிவு கிடாரில் அந்த ஐந்தாவது தடித்த கம்பி தொளதொளவென்றுதான் ஆடும். இ, ஏ, டி, ஜி நாலும் கைக்கு வரவே உனக்கு ஒரு வருஷம் ஆகும்.

உடம்புக்குப் பொருந்துதா?

பட்டை மாட்டி நின்று பார். இரண்டு கையையும் விட்டால் நெக் தரையைப் பார்த்துத் தொங்கினால், வாசிக்கிற நேரமெல்லாம் இடது கை அதைத் தூக்கிப் பிடிக்கிற வேலையையும் சேர்த்துச் செய்யணும். நாலு கிலோவுக்கு மேல் எடை இருந்தால் ஒரு முழு ஆராதனை நிற்க முடியுமா என்று யோசி. சின்னக் கை உள்ளவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கம்பி நீளம் குறைந்த 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் கிடார் கேட்டு வாங்குங்கள். மெக்கார்ட்னியின் ஹாஃப்னரும் சின்ன ஸ்கேல்தான், யாரும் குறை சொல்லவில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு பேஸ் என்று கேட்கிறவர்களுக்கு மும்பை மோகினி டே ரஹ்மானோடு மேடையில் வாசிக்கும் வீடியோவைக் காட்டினால் போதும், வாதம் வேண்டாம்.

இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு மலிவு விலையில் பேஸ் கிடைப்பது கஷ்டம். வலக்கைக் கிடாரிலேயே பழகிவிடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள்.

பணம்

கையில் பத்தாயிரம் இருந்தால் பத்தாயிரத்துக்கும் கிடார் வாங்கிவிடாதே. ஏழுக்குள் கிடார் முடியணும். கேபிள், பட்டை, பை, முக்கியமாகப் புதுக் கம்பி எல்லாம் பாக்கி இருக்கிறது. சாதாரண கிடார் கம்பி மாதிரி இல்லை, நல்ல பேஸ் கம்பி ஒரு செட் ஆயிரத்தைத் தாண்டும். அப்பா மரவள்ளி போட்டு எடுத்த காசு, நினைவிருக்கட்டும்.

ஆம்ப் உடனே வேண்டாம். கிடாரோடு சேர்த்து மூட்டையாகத் தரும் குட்டி ஆம்பில் பேஸ் போட்டால் டப்பாவைத் தட்டுகிற மாதிரிதான் கேட்கும், சத்தம் கூட்டினால் ஸ்பீக்கர் கிழியும். வீட்டு ஹோம் தியேட்டரில் செருகிவிடாதே, அதற்கும் அதே கதிதான். கிடாரிலேயே செருகும் குட்டி ஹெட்போன் ஆம்ப் ஒன்றும் ஒரு நல்ல ஹெட்போனும் போதும். பக்கத்து வீட்டுக்காரரும் வாழ்த்துவார். மேடை ஏறும் நாளில் மைக்செட்காரரிடம் கிடாரை மிக்சரோடு இணைக்கும் டி.ஐ. பாக்ஸ் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டு வை. இருந்தால் நேராக மிக்சரில் போட்டு அவருடைய பெரிய பாக்ஸில் கேட்கலாம். இப்போது பல கச்சேரிகளில் கீபோர்டுக்காரர் இடது கையாலேயே பேஸை ஒப்பேற்றிவிடுகிறார், பேஸ் வாசிக்க ஆள் வருகிறான் என்றால் மைக்செட்காரருக்கே ஆச்சரியமாக இருக்கும்.

புதுசா, பழசா? பெயர் தெரியாத புதுக் கிடாரும், யமஹா, ஐபனெஸ், கோர்ட், ஸ்குயர் மாதிரி பெயர் தெரிந்த கம்பெனியின் பழைய ஆரம்ப மாடலும் ஒரே விலைக்கு வந்தால், கண்ணை மூடிக்கொண்டு பழசுக்குப் போ என்று சொல்ல மாட்டேன். மேலே சொன்ன சோதனை எல்லாம் செய்துவிட்டுப் பழசுக்குப் போ என்பேன். ஊரடங்கு காலத்தில் ஆசையாக வாங்கி, நாலு பாடத்தோடு மூலையில் வைத்த கிடார்கள் சேலத்திலும் புதுச்சேரியிலும் திருச்சியிலும் வீடுகளில் தூங்குகின்றன. ஏன் விற்கிறீர்கள் என்று கேள். “வாசிக்க நேரமில்லை” என்பதுதான் கேட்க வேண்டிய பதில். “பெரிசு வாங்கப் போறேன்” என்பதும் நல்ல பதில். ஃப்ரெட்டில் கம்பி படும் இடமெல்லாம் பள்ளம் விழுந்திருந்தால் நன்றாக உழைத்த கிடார், விலை குறையணும்.

விற்கிறவர் அனுப்பும் வீடியோவைப் போன் ஸ்பீக்கரில் கேட்டு முடிவெடுக்காதே. அந்தக் குட்டி ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் வரவே வராது, நீ கேட்பது அதன் மேல் ஸ்வரங்களின் நிழல். இயர்போன் மாட்டிக் கேள். மாட்டியதோடு இளையராஜா பாட்டுகளில் சசிதரன் வாசித்ததையும், ரஹ்மான் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் கேட்டு வை, பேஸ் எங்கே நடந்துபோகிறது என்று காது தேட ஆரம்பிக்கும்.

ஆன்லைனில் வாங்குவதானால் திருப்பி அனுப்ப எத்தனை நாள் தருகிறார்கள் என்று முதலில் பார். மலைப் பின்கோடுக்கு டெலிவரி வராவிட்டால் கீழே இருக்கும் என் வீட்டு முகவரிக்குப் போடு. பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொள். நாள் முடிவதற்குள் நெக், டிரஸ் ராட், 80 இடம், மூன்றையும் பார்த்துவிடு, பாலிஷில் ஒரு கீறல் இருந்தால் அதற்காகச் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதே.

பேரத்தில் ஒரே ஒரு விஷயம். சரிசெய்ய முடிகிற குறைகளை ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு, கடைசியில் விலையைச் சொல். சரிசெய்ய முடியாத குறை இருந்தால் விலையே பேசாதே. பாதி விலைக்குத் தருகிறேன் என்றதும் மனசு மாறுவது உன் சுபாவம், எனக்குத் தெரியும்.

கொண்டுவரும்போது

பேஸ் கிட்டத்தட்ட நாலடி நீளம். கச்சிராயப்பாளையம் தாண்டி மலை ஏறும் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் எல்லா சாமானும் ஒரு பக்கம் சரியும். கூரையிலோ கடைசி சீட்டுக்கு அடியிலோ போடாதே. ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, நெக் மேலே இருக்கும்படி இரண்டு காலுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொள். வீட்டில் ஷீட் கூரைக்குக் கீழே, வெயில் படும் சுவரில் சாய்த்து வைக்காதே. வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் கம்பியைத் துடை. வேர்வைதான் கம்பிக்கு எமன்.

கம்பி மந்தமானால் உடனே புதுசு வாங்க ஓடாதே. கழற்றிச் சுருட்டி, சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய பாத்திரத்தில் பத்து நிமிஷம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, நன்றாகத் துடைத்துக் காயவைத்து மாட்டினால் அழுக்கு போய்ப் பளிச்சென்று பேசும். இரண்டு மூன்று தடவைதான் இந்த வித்தை பலிக்கும். புதுக் கம்பி மாட்டிய பிறகும் பழைய செட்டைத் தூக்கிப் போடாமல் பையில் வை. வெள்ளிமலையில் ஞாயிற்றுக்கிழமை காலை கம்பி அறுந்தால், பேஸ் கம்பி விற்கிற கடை பக்கத்தில் எங்கும் கிடையாது.